தங்கையார் கேட்ட தடுப்புச் சுவர்

வீடு கட்டுகையில் எழுந்த பிணக்கே எம் தங்கையாரின் உயிரைக் குடித்தது என்றும், அதைக் கட்டிய மேஸ்திரியின் பிடிவாதமே அவரைக் கொன்றது என்றும் துக்கம் கேட்க வந்தோர் சிலர் கூறினர். அது உண்மையன்று. அச்சொல் நம் உறவினரிடையே நிலைத்துவிடலாகாது என்பதற்காகவே, எழுதும் வலிமை இழந்த இந்நாளிலும் இதனை எழுதுகிறேன்.

தங்கையார் முள்ளுக்குறிச்சியில் எனக்கு இளையவராய்ப் பிறந்தவர். இளம்பருவத்திலேயே கணவரை இழந்து, செவிலியர் பணியேற்றுக் கொல்லிமலை ஏறினார். பணிக்காலம் முழுவதும் வாடகை அறைகளிலேயே கழிந்தது. ஓய்வு பெற்றதும் கீழே வந்துவிடுமாறு அழைத்தேன்.

"எனக்குன்னு ஒரு ஊடு இங்கயே கட்டிக்கறனுங்கண்ணா" என்றார்.

வாசலூர்பட்டியை ஒட்டிச் சரிவான மனையொன்று வாங்கினார். கூரை எழும்பிய நிலையில், வீட்டின் பின்புறம் வெட்டப்பட்டிருந்த மண்மேடு மழையில் சரிந்தது. தடுப்புச் சுவர் வேண்டும் என்றார் தங்கையார். ஒப்பந்தத்தில் அது இல்லை என்றார் மேஸ்திரி. அவர் அவ்வூர் உழவருமாவார். வேலை நின்றது.

அவ்விடைவெளியில்தான் தங்கையாருக்குப் புற்றுநோய் என்பது தெரியவந்தது. நோயைச் சொன்னால் மேஸ்திரி இரங்குவார் என்றேன்.

"வேண்டாங்கண்ணா. பாவம் பாத்துக் கட்டற செவுரு எனக்கெதுக்கு? நாயம்னு அவருக்கே படோணும்."

ஊரார் முன்னிலையில் இருவரும் அமர்ந்தனர்.

"ஏனுங்க நர்சம்மா, மலையவே தடுத்து நிறுத்தச் சொன்னா நான் எங்கீங்க போவேன்?" என்றார் மேஸ்திரி. கூடியிருந்தோர் நகைத்தனர்.

"மலை அதும்பாட்டுக்கு இருக்கட்டுமுங்க. என் சோத்துச் சட்டிக்குள்ள எறங்காம இருந்தாப் போதும். உங்க காட்டுல ஒருத்தர் மேட்டை வெட்டுனா, கரைக்குக் கல்லு யாருங்க அடுக்கோணும்?"

"வெட்டுனவந்தானுங்க."

"இங்க வெட்டுனது?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "நாந்தானுங்க. ஆனா, அடுப்படியப் பெருசாக்கோணும்னு உள்ள தள்ளி வெட்டச் சொன்னது நீங்கதானுங்களே?"

"ஆமாங்க. அந்தப் பங்கு என்னுதுதான்" என்று தங்கையார் தயங்காமல் ஒப்பினார்.

இன்னும் கட்டப்படாதிருந்த முன்கூடத்தைத் தங்கையார் விட்டுக்கொடுப்பது, அதற்குரிய கல்லையும் ஆளையும் கொண்டு மேஸ்திரி சுவரை எழுப்புவது என முடிவாயிற்று. பிணக்கு அன்றே தீர்ந்தது.

மேஸ்திரி சொல் தவறவில்லை. பனியும் சாரலும்தாம் வேலையை இழுத்தன. சுவர் நிறைவுற்ற செய்தி வந்தபோது தங்கையார் கீழே மருத்துவமனையில் இருந்தார். மலையடிவாரமான காரவள்ளியிலிருந்து அத்தனை கொண்டை ஊசி வளைவுகளில் அவரை ஏற்றிச் செல்ல உடல் இடந்தராது என்றனர் மருத்துவர். அங்கேயே கண்மூடினார்.

இறுதிச் சடங்கிற்கு வந்தபோதுதான் மேஸ்திரி நோயைப் பற்றி அறிந்தார். "ஒரு வார்த்தை காதுல போட்டிருந்தா, ஊரையே கூட்டியாந்து கட்டியிருப்பனுங்களே!" என்று என் கைகளைப் பற்றி அழுதார்.

அவருக்கும், மலையிலிருந்து முறைவைத்து இறங்கி வந்து உடனிருந்த செவிலியர்க்கும், நோய் இன்னதென்று அறியாமலே கேழ்வரகுக் கூழ் காய்ச்சிக் கொடுத்தனுப்பிய வாசலூர்பட்டி அண்டை வீட்டார்க்கும் எம் குடும்பம் என்றும் கடன்பட்டது.

துயரிடை எழுதியதாதலின் இதில் பிழைகள் இருக்கலாம், அறிந்தோர் திருத்தியருள்க. தங்கையார் அவ்வீட்டில் ஓரிரவேனும் துயின்றதில்லை என்றே நான் எண்ணியிருக்கிறேன். அது பிழையென உங்களுள் எவரேனும் கூறுவீராயின், அதனினும் விரும்பி நான் ஏற்கும் திருத்தம் வேறில்லை.