கை படாமல் பார்த்த வண்டி

திருப்பதியில் ஒரு பைக் ஷோரூமின் நட்டநடுவே, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அக்கா நின்றாள். வெறுமனே கட்டிக்கொள்ளவில்லை. துப்பட்டாவின் நுனியை மணிக்கட்டுகளில் சுற்றி, அதை விரல்களால் இறுக்கிப் பிடித்திருந்தாள். வண்டி காட்ட வந்த பையன் அவள் கைக்கு ஏதோ அடிபட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நாற்காலி எடுத்துப் போட ஓடினான். "கைக்கு ஒண்ணுமில்லப்பா. சும்மா விட்டா அதுவா போய் ஹேண்டிலப் புடிச்சிக்கும், அதான்" என்றாள் அக்கா. அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் ஒரு வண்டியின் கண்ணாடியில் என் தலைமுடியைச் சரிசெய்துகொண்டேன்.

அக்கா என்னைவிட மூத்தவள். சித்தூரை அடுத்த கிராமங்களுக்குப் போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது, கர்ப்பிணிகளைக் கவனிப்பது அவளுடைய வேலை. எங்கள் நைனா, அதாவது அப்பா, காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது எங்களுக்கு விட்டுப்போனது ஒரு பழைய பைக். வீட்டு ஆண்பிள்ளையான நான் அதன் பக்கமே போகவில்லை. அக்காதான் அதை எடுத்தாள். பெண்பிள்ளை கியர் வண்டி ஓட்டுவதைப் பார்க்கத் தெருமுனையில் ஆட்கள் நிற்பார்கள். அவள் ஹாரன் அடித்து அவர்களை விலக்கிக்கொண்டு போவாள். ஊசி மருந்து வைத்த பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு, மாந்தோப்புகளுக்கு நடுவே கல்லும் மண்ணுமாகக் கிடக்கும் வழியில் அவள் போகிற அழகை நான் ரசித்திருக்கிறேன். பொறாமையும் பட்டிருக்கிறேன், அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஒரு மழைக்காலத்தில் அவள் விழுந்தாள். டிராக்டர் சக்கரம் தார் ரோட்டில் சேற்றை இழுத்துவிட்டுப் போயிருந்தது, வண்டி வழுக்கிவிட்டது. ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது, தோள்பட்டை எலும்பு முறிந்தது. கட்டுப் பிரிக்கும் வரை அம்மா பொறுத்திருந்தாள். பிரித்த மறுநாள் அக்காவை எழுப்பிக் காணிப்பாக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காணிப்பாக்கத்துப் பிள்ளையார் சத்தியத்துக்குப் பேர்போனவர். குடியை விடுகிறவன், களவு இல்லை என்கிறவன் எல்லாரும் குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு அவர் முன்னால் நின்று சத்தியம் பண்ணுவார்கள். கோர்ட்டில் பொய் சொல்லத் துணிகிறவன்கூட அங்கே வாய் திறக்கப் பயப்படுவான். அந்த இடத்தில் அக்கா, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, "இனிமே பைக் ஹேண்டில்ல கை வெக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். வந்த வாரத்திலேயே நைனாவின் வண்டியை அம்மா பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாள்.

அதற்கப்புறம் அக்கா பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. பஸ் இறக்கிவிடுகிற இடத்திலிருந்து பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பாள், முறிந்த அதே தோள். கடைசி ஊருக்குப் போய்ச் சேருவதற்குள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்மார்கள் வயலுக்குப் போயிருப்பார்கள். நேரத்துக்குப் போகச் சொல்லி மேலதிகாரி ஒருமுறை கோபமாகவும் ஒருமுறை கனிவாகவும் சொல்லிப் பார்த்தார். போகிற போக்கைப் பார்த்தால் வேலையை விட்டுவிட வேண்டியதுதான் என்ற நிலை வந்தது. அம்மாவிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் ஏதாவது வழி பிறந்திருக்கும். அக்கா கேட்கவில்லை. வாக்குக் கொடுத்தது சாமிக்கு, அம்மாவிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது என்பது அவள் நியாயம். கடைசியில் அம்மாவே ஒரு யோசனை சொன்னாள். நான் ஒரு பைக் வாங்கி, ஓட்டக் கற்றுக்கொண்டு, காலையில் அக்காவைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஹேண்டில்தானே தொடக்கூடாது, பின்சீட்டுக்குத் தடை இல்லையே. "இவன் ஓட்டட்டும். இவன் பயந்தாங்கொள்ளி, வேகமா போகமாட்டான்" என்றாள். என் வாழ்க்கையில் என் பயத்துக்கு மரியாதை கிடைத்தது அந்த ஒருமுறைதான்.

இப்படித்தான் நாங்கள் திருப்பதி ஷோரூமுக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் என் கண் நேராக ஒரு பெரிய கறுப்பு வண்டியில் விழுந்தது. மலைமாடு மாதிரி பெட்ரோல் டேங்க் புடைத்துக்கொண்டு நின்றது. பையனுக்கு என் முகத்தைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. "ஈ பண்டி மீகு சூப்பர்கா உண்டுந்தி சார்" என்றான். இந்த வண்டி எனக்கு அம்சமாக இருக்குமாம். நானும் நம்பினேன். அக்கா நம்பவில்லை. "ஏறி உக்காரு. ரெண்டு காலும் தரைல முழுசா வெய்யி" என்றாள். எங்கள் வீட்டில் எல்லாரும் குள்ளம். என் கட்டைவிரல்கள் மட்டும்தான் தரையைத் தொட்டன. "பாரு, பாப்பா நடனம் ஆடுது" என்றாள் அக்கா. அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

பிறகு அவள் கேட்டதுதான் கடையையே திகைக்க வைத்தது. வண்டியைக் கீழே படுக்கவைக்கச் சொன்னாள். பையன் காதில் விழாதவன் போல நின்றான். அக்கா விடவில்லை. "புது வண்டி வேணாம்பா. வெளிய ஓட்டிப் பாக்க ஒண்ணு வெச்சிக்கினு கீறியே, அதப் படுக்க வெய்யி. முதல் வண்டி வாங்கறவன் கண்டிப்பா விழுவான். விழுந்தா ஆள் இல்லாத ரோட்ல இவனே தூக்கணும். தூக்க முடியாத வண்டிய இவன் எதுக்கு வாங்கணும்?" என்றாள். மேனேஜர் வந்து, அவரும் கொஞ்சம் யோசித்து, ஒரு சாக்கை விரித்து அந்தக் கறுப்பு வண்டியின் அண்ணனை, ஓட்டிப் பார்க்க வைத்திருந்த பழசை, சாய்த்துப் படுக்கவைத்தார். நான் மூச்சுப் பிடித்துத் தூக்கினேன். வண்டி அசையவில்லை, என் இடுப்புதான் அசைந்தது. அக்கா பின்னால் கட்டிய கைகளோடு என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். குனிந்து உதவி செய்யவும் முடியாமல், சும்மா நிற்கவும் முடியாமல் அவள் தோள்கள் முன்னும் பின்னும் ஆடியதைப் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு எனக்குக் கறுப்பு வண்டி ஆசை போய்விட்டது.

மூலையில் நின்ற சின்ன எஞ்சின் வண்டியை அவள்தான் மோவாயால் காட்டினாள். பால்காரரும் போஸ்ட்மேனும் வைத்திருக்கும் சாதாரண வண்டி. கால் நன்றாக ஊன்றியது, படுக்கவைத்ததும் தூக்க முடிந்தது. ஸ்கூட்டர் போதாதா என்று பையன் கேட்டதற்கு, அந்தச் சின்னச் சக்கரம் அவள் போகிற கல்லுப் பாதையில் நொடிக்கும் என்றாள். இன்றைக்கும் அலுவலகத்தில் யாராவது முதல் பைக் பார்க்கப் போகிறேன் என்றால், ஒரு சாக்கு எடுத்துக்கொண்டு போ என்று நான் சொல்வதுண்டு. வேடிக்கை என்று நினைத்துச் சிரிப்பார்கள். விழுந்து எழுந்தவளுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

வாங்கியதும் ஓட்டிப் பழக வேண்டாமா? அங்கேதான் எங்கள் குடும்பத்து அறிவு வேலை செய்தது. பூஜை போடாத வண்டியில் யாரும் காலைத் தூக்கிப் போடக்கூடாது என்றுவிட்டாள் அம்மா. அதுவும் காணிப்பாக்கத்தில்தான் போட வேண்டும். சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்ததும், வண்டிக்கு உடையவன்தான் அதை ஏற்றி நசுக்க வேண்டும். அப்படியானால் வண்டியைத் திருப்பதியிலிருந்து ஓட்டிக்கொண்டு வருகிற கடைப்பையன்? "அவன் விக்கிறவன், அவன் கணக்குல வரமாட்டான்" என்றாள். நான் அதுவரை ஓட்டியிருந்ததெல்லாம் நண்பனின் ஸ்கூட்டர். கிளட்ச் என்ற ஒன்றைக் கையால் தொட்டதே இல்லை. இதை யாரும் யோசிக்கவில்லை, நான் உட்பட.

பூஜை நடந்தது. சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, ஹேண்டிலில் மிளகாய் எலுமிச்சை எல்லாம் ஆனது. எங்களுக்குப் பின்னால் ஒரு புதுக் காரும் டிராக்டரும் காத்திருந்தன. ஐயர் "முந்துக்கு போனீ" என்று, முன்னால் விடச் சொல்லிக் கையை அசைத்தார். அக்கா என் இடப்பக்கம், கையைப் பின்னால் கட்டியபடி, "மெதுவா விடு, கிளட்ச மெதுவா விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்மா கற்பூரத் தட்டோடு நேர் எதிரே நின்றாள், மகன் வண்டி ஏறும் முகத்தைப் பார்க்க வேண்டுமாம். நான் வலக்கையை முறுக்கினேன், இடக்கையைப் பட்டென்று விட்டேன். எலுமிச்சம்பழம் எங்கே போனதென்று தெரியாது. வண்டி எகிறி அம்மாவைப் பார்த்துப் பாய்ந்தது.  அக்காவின் கைகள் எப்போது அவிழ்ந்தன என்று அவளுக்கே தெரியாது. என் இடக்கையோடு சேர்த்துக் கிளட்சை அமுக்கி, ஹேண்டிலைத் தன் மார்போடு இழுத்துத் திருப்பினாள். எஞ்சின் அலறிக்கொண்டிருந்தது, சக்கரம் நின்றுவிட்டது. முன் டயர் அம்மாவின் புடவைக் கொசுவத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

யாரோ சாவியைத் திருகி நிறுத்தினார்கள். அக்கா தன் கைகளைப் பார்த்தாள், பிறகு கோபுரத்தைப் பார்த்தாள். "தொட்டுட்டேனே" என்றாள். சத்தியம் செய்த அதே கோயில் வாசலில், அதே சாமி பார்க்க. சத்தியம் தவறினவன் வீட்டில் விளக்கு எரியாது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள், அதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாங்கள் மூவரும். அவள் குளத்துப் படியில் போய் உட்கார்ந்து முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். எனக்கு என் மேல் வந்த ஆத்திரத்தில் அந்த வண்டியை அங்கேயே கொளுத்திவிடலாம் போலிருந்தது. "அம்மாவக் காப்பாத்தத்தானே புடிச்சே" என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை.

அம்மா கற்பூரத் தட்டை என்னிடம் கொடுத்தாள்.  கட்டிய புடவையோடு குளத்தில் இறங்கி மூன்று முழுக்குப் போட்டாள். ஈரம் சொட்டச் சொட்ட எங்களைத் தாண்டிக் கோயிலுக்குள் போனாள்.  வெகுநேரம் கழித்து வந்தாள். "இன்னாம்மா பண்ண?" என்று அக்கா பதறி எழுந்தாள்.

"அது நான் பயத்துல கேட்டு வாங்கின சத்தியம். இந்தப் பொண்ணு வாயால சொன்னாலும், சொல்லவெச்சது நானு. அத நான் திருப்பி எடுத்துக்கினேன்னு சொல்லிட்டேன். குத்தம்னா என் தலைல எழுதிக்கோன்னுட்டேன்."

"சாமி ஒத்துக்குமாம்மா?" அக்காவின் குரல் குழந்தைக் குரலாக இருந்தது.

"ஒத்துக்காம இன்னா? அவருக்கும் அம்மா ஒருத்தி கீறா இல்ல?" என்றாள் அம்மா. பிறகு என் தலையிலிருந்த ஹெல்மெட்டைப் பிடுங்கி அக்கா கையில் கொடுத்தாள். வாழ்நாளில் முதல்முறையாக, நைனா இருந்த காலத்தில்கூட ஏறாதவள், ஈரப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பைக்கின் பின்சீட்டில் ஏறினாள். அக்கா ஹேண்டிலில் கை வைத்தாள். கோபுரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கிளட்சை மெதுவாக விட்டாள்.

உடைத்த தேங்காயையும் மிச்சப் பூவையும் சுமந்துகொண்டு நான் பஸ்ஸில் வந்தேன். வீட்டு வாசலில் வண்டி நின்றது. அம்மா புடவை நுனியைப் பிடித்து எனக்குக் காட்டினாள். "பாருடா, வழியிலயே காஞ்சிபோச்சி. அவ்ளோ வேகமா ஓட்றா இவ" என்று புகார் சொன்னாள், முகம் கொள்ளாத சிரிப்போடு.