பகையாளிகள் இருவர் படித்த சுற்றறிக்கை

ஆண்டியப்பனுக்குத் தன் நிழல்மேல்கூடச் சந்தேகம். தலவாக்கலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், கடன் கொடுக்கிற ஐக்கிய நாணய சங்கம் தொடங்கியபோது, இப்படிப்பட்ட ஆளிடம் சல்லிக்காசு தவறாது என்றுதான் தொழிலாளிகள் அவரைக் காரியதரிசி ஆக்கினார்கள். காசு தவறவில்லைதான். ஆனால் சங்கத்துக்கான விதி எது மாறினாலும் கொழும்பிலிருந்து இங்கிலீஷில் சுற்றறிக்கை வரும். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. தோட்டத்துக் கிளாக்கரிடம் கேளுமய்யா என்றால், அவர் பெரிய கங்காணியின் ஆள் என்பார்.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழியை என்னவென்று சொல்ல! தலவாக்கலைக் கடைவீதியில் பொன்னையாவும் சண்முகராஜாவும் இங்கிலீஷ் தெரிந்த அடுத்தடுத்த கடைக்காரர்கள். ஒரு சாக்கடைக்காகக் கோர்ட்டு ஏறி, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள். எந்தச் சுற்றறிக்கை வந்தாலும் ஆண்டியப்பன் இருவரிடமும் தனித்தனியே படிக்கக் கொடுப்பார். பகையாளிகள் இருவரும் ஒன்றையே சொன்னால் அதில் பொய் இருக்காது என்பது அவர் எண்ணம்.

போன வருடம், தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற ராக்காயிக்குக் கையை விரித்ததும் இப்படித்தான். புருஷன் செத்ததும், சங்கத்தில் அவன் போட்டிருந்த பங்குப் பணத்தை அவள் கேட்டாள். செத்தவன் பங்கு பெண்டாட்டிக்குச் சேராது என்று அப்போதைய சுற்றறிக்கையை இருவரும் படித்தார்கள். பாவம், கருமாதிச் செலவுக்குப் பொன்னையாவிடம் கடன் வாங்கினாள். கடைசியில் வட்டிக்கென்று அவளுடைய பசுவையே அவர் ஓட்டிக்கொண்டு போனார்.

இப்போது அவள் தானே சங்கத்தில் சேரக் கேட்டாள். சங்கக் கடன் கிடைத்தால் ஒரு பசு வாங்கிப் பிள்ளைகளைக் காப்பாற்றிவிடலாம். யார் யார் சேரலாம் என்று புதிய சுற்றறிக்கை ஒன்றும் வந்திருந்தது. பெண்கள் சேரக்கூடாது என்று படித்தார் சண்முகராஜா. பொன்னையாவோ காகிதத்தை விரிக்குமுன்பே, அந்தக் கடையில் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். ஆண்டியப்பன் சொன்னார்.

"அவரு சொன்னது சரிதான்" என்றார் பொன்னையா.

ஆண்டியப்பன் காகிதத்தை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். சண்முகராஜா பேரைக் கேட்டாலே காறித் துப்புகிற மனிதர், இன்றைக்கு 'அவரு' என்கிறார்! தோட்டத்துப் பெண்கள் கடனுக்கு வந்து நிற்பது இந்த இரண்டு கடை வாசலில்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சங்கம் பெண்களுக்கும் கடன் கொடுத்தால் இருவரும் ஈ ஓட்டவேண்டியதுதான்.

நேரே ஸ்டேஷனுக்குப் போய் அட்டனுக்கு ரயிலேறினார். பெட்டியில் இங்கிலீஷ் பேப்பர் படித்துக்கொண்டிருந்த, முன்பின் தெரியாத ஒருவரிடம் சுற்றறிக்கையை நீட்டினார். தோட்டத்துத் தொழிலாளர் பதிவான செக்ரோலில் பேருள்ள எவரும் சேரலாம், ஆண் பெண் பேதமில்லை என்று படித்தார் அவர். அவரையும் நம்பாமல் அட்டனில் ஒரு பாதிரியாரைத் தேடிப்போய்க் கேட்டார். அவரும் அதையேதான் சொன்னார்.

சாயங்காலம் தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்துக்கு வந்து ராக்காயியைக் கூப்பிட்டார். முகமெல்லாம் பெருமை.

"நீ சேரலாம் தங்கச்சி. ரெண்டு பேருமே பொய்யாப் படிச்சிருக்கானுங்க."

ராக்காயி சிரிக்கவில்லை. வாசலோரம் பசு கட்டியிருந்த வெறும் முளைக்குச்சியைப் பார்த்தாள்.

"அப்ப எங்க வீட்டுக்காரரு பங்கு எனக்குச் சேராதுன்னு படிச்சது யாருண்ணே?"



"அவனுங்கதான்" என்றார் ஆண்டியப்பன்.