மார்லிஸ் கழுவிய பாத்திரம்

சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஒரு சிற்றூரின் காவல் நிலையத்துக்குள் யார் நுழைந்தாலும் முதலில் பார்ப்பது மார்லிஸ் ஃபேரின் முகத்தைத்தான். முன்பெல்லாம் வரவேற்பு மேசைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தபடியே, "என்ன விஷயம்?" என்று சத்தமாகக் கேட்பாள். வரிசையில் நிற்பவர்கள் காதிலும் விழும்.

பாலியல் வன்முறைப் புகாரோடு வருபவர்களை நடத்தும் விதம் பற்றி, அந்தப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி ஜோன் பெல்லெட்டியே பயிற்சி கொடுத்த பிறகு அந்தப் பழக்கத்தை விட்டாள். தனி அறை, கதவருகே நாற்காலி, குடிக்கத் தண்ணீர். எதைச் செய்வதற்கும் முன்னால் அவர்களைக் கேட்க வேண்டும். கேட்காமல் ஒருவன் நடந்துகொண்டதால்தான் அவர்கள் இங்கே வந்திருக்கிறார்கள், நாமும் அதையே செய்யக்கூடாது. ஜோனின் முதல் பாடம் அதுதான்.

பயிற்சி முடிந்த அன்று பனியில் ஜோனின் காரில் வீடு திரும்பும்போது, தன் இருபது வயதில் தனக்கும் அப்படி நடந்ததை மார்லிஸ் சொன்னாள். கணவன் டுவேனிடம்கூடச் சொல்லாதது. ஜோன் வண்டியை ஓரம்கட்டி, கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள். அதன் பிறகு இருவரும் நெருங்கிய சிநேகிதிகள் ஆனார்கள்.

இந்தக் குளிர்காலத்தில் மறுபடியும் பயிற்சி வந்தது. மார்லிஸ்தான் எல்லோருக்கும் டோனட் வாங்கி வந்தாள். புகார் கேட்பதை நடித்துப் பழக வேண்டும். இளம் காவலன் டைசன் கேள்வி கேட்க, ஜோன் புகார் கொடுப்பவளாக உட்கார்ந்தாள்.

"என் பேரு லிண்டா," என்றாள் ஜோன். ஸ்வெட்டர் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். அது மார்லிஸின் பழக்கம். "அவன் தூங்கிட்டான். நான் எந்திரிச்சுப் போயி, சாப்பிட்ட பாத்திரத்தையெல்லாம் கழுவிக் கவுத்து வச்சுட்டுத்தான் கிளம்பினேன்."

"எங்க வீட்லயும் ரெண்டு தட்டு கெடக்கு," என்று பின்னாலிருந்து ஒருவன் முணுமுணுத்தான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

ஜோன் அவனை நிற்க வைத்துக் கண்டித்தாள். அதிர்ச்சியில் மனசு பழகின வேலையைத்தான் தேடிப் போகும் என்று பொறுமையாக விளக்கினாள். எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் சொன்னது அத்தனையும் சரி. மார்லிஸால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

வண்டி நிறுத்துமிடத்தில் ஜோன் ஓடி வந்து மார்லிஸின் தோளைத் தொட்டாள். "பேரை மாத்திட்டேன்ல. யாருக்கும் தெரியாது, மார்லிஸ். உன்னால இன்னைக்கு அவங்க கத்துக்கிட்டாங்க."

"என்னைக் கேட்டியா நீ?"

மார்லிஸ் தோளை விடுவித்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

அடுத்த வாரம் ஒரு பெண் வந்தாள். மார்லிஸ் தண்ணீர் வைத்தாள், கதவருகே நாற்காலியைப் போட்டாள்.

"நான் சொல்றது வெளிய போகுமா?" என்று அவள் கேட்டாள்.

அடுத்து அவளிடம் பேசப்போவது ஜோன். இப்படி யார் கேட்டாலும், "ஜோன்கிட்ட தைரியமாச் சொல்லலாம், உங்களைக் கேக்காம ஒண்ணும் செய்ய மாட்டாங்க," என்றுதான் மார்லிஸ் இத்தனை நாளும் சொல்லி வந்தாள். அன்று அதைச் சொல்லவில்லை.

"நான் சொல்ல மாட்டேன்," என்று மட்டும் சொன்னாள்.