இரண்டால் பெருக்கிய கால்

நூற்றுப் பதினெட்டு என்ற எண்ணைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். பஸ் டிக்கெட்டின் கடைசி மூன்று இலக்கம் அப்படி அமைந்துவிட்டால்கூட அதைக் கசக்கி ஜன்னல் வழியாக எறிந்துவிடுவேன்.

செஞ்சியில் நாங்கள் ஏழு பேர் காலையில் சைக்கிள் ஓட்டுகிறோம். ஐந்தரை மணிக்குத் திண்டிவனம் சாலை டீக்கடை எதிரே கூடி, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவோம். ஏழு பேரில் நான் ஒருத்திதான் பெண். வயதிலும் நான்தான் மூத்தவள். எங்கள் தலைவர் உரக்கடை வைத்திருப்பவர், என்னைவிட ஐந்து வயது சின்னவர். எல்லோரும் அவரைக் கேப்டன் என்று கூப்பிடுவோம். அந்தப் பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று எவருக்கும் தெரியாது. அவரே எடுத்துக்கொண்டார் என்பது என் எண்ணம்.

நான் சைக்கிளுக்கு ஆசைப்பட்டு வரவில்லை. நெல் விற்பனைக் கூடத்தில் எடை போடும் இடத்தில் எனக்கு வேலை. எட்டு வருடத்துக்கு முன்னால் அடுக்கி வைத்திருந்த மூட்டைகள் சரிந்து என் இடது காலில் விழுந்தன. இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, போன சதை மட்டும் திரும்பி வரவில்லை. டாக்டர்தான் சைக்கிள் மிதிக்கச் சொன்னார். முதலில் பழைய லேடீஸ் சைக்கிளில் சந்தைமேடு வரைக்கும் மிதித்தேன். அப்புறம் கியர் சைக்கிள் வந்தது, இந்தக் குழு வந்தது. நடக்கும்போது என் கால் தாங்குவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். சைக்கிளில் ஏறிவிட்டால் தெரியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அது பிடித்துப்போனது.

போன வருடம் பக்கத்து ஊர்க் குழு ஒன்று எங்களைப் போட்டிக்குக் கூப்பிட்டது. ஒரு அணிக்கு நான்கு பேர். செஞ்சியிலிருந்து அனந்தபுரம் வழியாகப் பனமலை ஏரிக்கரை போய்த் திரும்ப வேண்டும். மூன்றாவதாக வருகிறவரின் நேரம்தான் அணியின் நேரம், நான்காவது ஆள் எப்போது வந்தாலும் கணக்கில்லை. கேப்டனும், உடற்கல்வி வாத்தியாரும், போலீஸ் ஏட்டும் உறுதியாகிவிட்டார்கள். நான்காவது இடம் எனக்கு என்று நான் நம்பியிருந்தேன். மூன்று வருடமாக ஒருநாளும் தவறாமல் வந்தது நான்தான்.

கேப்டனுக்கு ஒரு மச்சான் உண்டு. குழுவில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. நான்காவது இடத்துக்கு யார் என்பதை டெஸ்ட் வைத்து முடிவு செய்யலாம் என்றார் கேப்டன். அவருடைய சைக்கிளில் பவர் மீட்டர் இருந்தது. நாம் எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்பதை அது பார்க்காது, எவ்வளவு பலமாக மிதிக்கிறோம் என்பதை அளந்து வாட் கணக்கில் காட்டும். காற்று, ஏற்றம் எதையும் சாக்குச் சொல்ல முடியாது. உரக்கடையின் பின்பக்கம் யூரியா மூட்டைகளுக்கு நடுவே சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றினார்கள். ஆளுக்கு இருபது நிமிடம். மச்சானுக்கு நூற்று முப்பத்தொன்று வந்தது. எனக்கு நூற்றுப் பதினெட்டு.

"யக்கா, தப்பா நெனைக்காதீங்க. நம்பரு பொய் சொல்லாது. உங்க எஞ்சினு அவ்ளோதான்," என்றார் கேப்டன். அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். "வேணும்னா அனந்தபுரத்துல தண்ணி பாட்டில் குடுக்கற எடத்துல நில்லுங்க. அதுக்கும் ஒரு ஆளு வேணுமில்ல?"

மச்சான் சிரித்தான். ஏட்டும் சிரித்தார். நான் சரிங்க கேப்டன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வீடு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்ததில் தாடை வலித்தது. வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே தட்டை எடுத்து வைத்துச் சாப்பிட்டார்.

ஒரு வாரம் கறுவிக்கொண்டே இருந்தேன். அந்த வாரம்தான் எடை போடும் இடத்தில் ஒரு விவசாயி என்மேல் பாய்ந்தார். "யம்மா, மொதல்ல ஜீரோ பாரு! வெறும் மெஷினே அரை கிலோ காட்டுது, கண்ணு எங்க இருக்குது?" அவர் சொன்னது சரி. தளத்தைத் துடைத்துப் பூஜ்ஜியம் வைத்துவிட்டு மூட்டையை ஏற்றச் சொன்னேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினாறு வருடமாக எடை போடுகிறேன். பூஜ்ஜியம் பார்க்காத மெஷினில் ஒரு மூட்டையை ஏற்றினால் ஆளைப் பிடித்துத் திட்டுகிறவள் நான். அப்படிப்பட்டவள் முன்பின் தெரியாத ஒரு மீட்டரில் ஏறி உட்கார்ந்து, அது சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன். கேப்டன் மேல் இருந்த கோபத்தில் பாதி என்மேலேயே திரும்பியது. பிறகு அந்தப் பாதியையும் அவர் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன்.

உடற்கல்வி வாத்தியாரிடமும் அதே மாதிரி மீட்டர் இருந்தது. நல்ல மனிதர், கேட்டதும் சைக்கிளை ஓட்டிக்கொண்டு எங்கள் கூடத்துக்கே வந்தார். ஏலம் முடிந்து களம் காலியாக இருந்த மதிய நேரம். பெடலைத் தாங்கும் கைக்குக் கிராங்க் என்று பெயர். இடது கிராங்கைத் தரைக்குச் சமமாக நிறுத்தி, பிரேக்கை இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். முதலில் பூஜ்ஜியம் பார்த்தேன். பிறகு முத்திரை போட்ட பத்து கிலோ எடைக்கல்லைக் கயிற்றில் கட்டி இடது பெடலில் தொங்கவிட்டேன். அவர் கைப்பேசியில் வர வேண்டிய எண் அச்சுப் பிசகாமல் வந்தது. இருபது கிலோவுக்கும் சரியாக வந்தது. எனக்கு அழுகை வரும் போலிருந்தது. மீட்டர் சரி, நூற்றுப் பதினெட்டும் சரி.

எதற்கும் இருக்கட்டும் என்று வலது பெடலில் இருபது கிலோவைத் தொங்கவிட்டேன். திரையில் பூஜ்ஜியம். கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினேன். மறுபடியும் பூஜ்ஜியம்.

"இன்னாக்கா, மீட்டரு செத்துப்போச்சா?" என்றார் வாத்தியார்.

"சாவல வாத்தியாரே. இதுக்கு வலது காலுன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது."

பிறகு நெட்டில் படித்து உறுதி செய்துகொண்டேன். அந்த வகை மீட்டர் இடது கிராங்கில் மட்டும்தான் இருக்கும். இடது கால் போடுவதை அளந்து, வலதும் அதே அளவு போடும் என்று வைத்துக்கொண்டு இரண்டால் பெருக்கிவிடும். இரண்டு காலும் ஒன்றுபோல் இருப்பவர்களுக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை. என்னிடம் இருப்பது கம்பி வைத்த இடது கால். ஆக அந்த உரக்கடையில் என்னுடைய நொண்டிக் காலை இரண்டாக்கி அதுதான் நான் என்று எழுதியிருக்கிறார்கள். பாவம், கேப்டனுக்கு இது தெரிந்திருக்காது என்று வாத்தியார் சொன்னார். தெரியாமல் செய்தவர் தண்ணி பாட்டில் பற்றிப் பேசியிருக்க வேண்டியதில்லை.

அன்றிலிருந்து எனக்குச் சொந்தமாக ஒரு மீட்டர் தேட ஆரம்பித்தேன். சக்கரத்தின் நடுவில் வைக்கும் வகை இருந்தது, முன்பல்சக்கரத்தோடு சேர்ந்து வரும் வகையும் இருந்தது. இரண்டும் நம்பகமானவை என்றுதான் எல்லோரும் எழுதியிருந்தார்கள். ஆனால் அவை இரண்டு காலும் போட்டதை மொத்தமாகச் சொல்லுமே தவிர, எந்தக் கால் எவ்வளவு போட்டது என்று பிரித்து அளக்காது. எனக்குப் பிரித்து வேண்டும். பெடலுக்குள்ளேயே மீட்டர் வைத்த வகைதான் ஒவ்வொரு காலையும் தனித்தனியாக அளக்கும். அதில் இன்னொரு வசதியும் இருந்தது. ஒரு ஸ்பேனர் இருந்தால் போதும், கழற்றி வேறு யாருடைய சைக்கிளிலும் மாட்டிவிடலாம். எங்கள் குழுவில் எல்லோருடைய ஷூ அடியிலும் மாட்டிக்கொள்ளும் பூட்டு உள்ள பெடலாகத் தேடினேன். எனக்காக மட்டும் தேடியிருந்தால் இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டேன்.

மழைக்குத் தாங்குமா, பேட்டரி எத்தனை நாள் வரும் என்பதையெல்லாம் விட வெயில்தான் என் கவலை. எங்கள் ஊரில் எட்டரை மணிக்கே மலைப் பாறையெல்லாம் அனல் கக்கும். காலைக் குளிரில் வைத்த பூஜ்ஜியம் அந்தச் சூட்டில் நகர்ந்துபோகும் மீட்டர்கள் உண்டு. சென்னைக் கடை ஒன்றுக்குப் போன் செய்து, சூட்டுக்கு ஏற்றபடி தானே சரிசெய்துகொள்ளும் மாடல் எது என்று கேட்டேன். எடைக்கல் தொங்கவிட்டுப் பார்ப்பேன், தப்பாக இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்றும் கேட்டேன். அந்தப் பையன் சிரித்தான். "மேடம், இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லை," என்றான். முதலில் வந்த ஜோடியில் வலது பெடல் பத்து கிலோவை ஒன்பதரை என்றது. திருப்பி அனுப்பினேன். அதற்கப்புறம் அவன் சிரிக்கவில்லை. இரண்டாவது ஜோடி காலையிலும் சரி, களத்து வெயிலில் ஒரு மணி நேரம் போட்டு எடுத்த பிறகும் சரி, பத்தைப் பத்து என்றே சொன்னது. விலையைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும், அதனால் இங்கேயும் சொல்லப்போவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் உரக்கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். பையில் பெடல், ஸ்பேனர், பத்து கிலோ எடைக்கல். "கேப்டன், புதுசா வாங்கியிருக்கேன். சரியா இருக்குதான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்," என்றேன். இவ்வளவு பவ்வியமாக நான் என் மாமியாரிடம்கூடப் பேசியதில்லை. அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

அவருடைய சைக்கிளிலேயே என் பெடலை மாட்டி முதலில் நான் ஏறினேன். இருபது நிமிடம். இடது கால் ஐம்பத்தொன்பது, வலது கால் தொண்ணூற்றிரண்டு. மொத்தம் நூற்று ஐம்பத்தொன்று. புது மீட்டர் கூடத்தான் காட்டும் என்றார் கேப்டன். நான் எடைக்கல்லை எடுத்துப் பெடலில் தொங்கவிட்டேன், இரண்டு பக்கமும் பத்தைப் பத்து என்றது. ஏட்டு குனிந்து முத்திரையைத் தடவிப் பார்த்தார். மச்சானுக்கு என் பெடலில் நூற்று இருபத்தொன்பது வந்தது. "இப்ப நீங்க ஏறுங்க கேப்டன்," என்றேன்.

அவர் ஏறினார். ஹேண்டில்பாரில் இரண்டு திரை பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவருடைய மீட்டர் இருநூற்றெட்டு என்று முடித்தது. அதுதான் அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த எண். என் பெடல் இடது நூற்று நான்கு, வலது எண்பது, மொத்தம் நூற்று எண்பத்து நான்கு என்றது. நல்ல காலை இரண்டால் பெருக்கிக்கொண்டு அவர் இத்தனை நாள் கேப்டனாக இருந்திருக்கிறார். யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இதுல ஏதோ கோளாறு இருக்குது," என்றார் மெதுவாக.

"நம்பரு பொய் சொல்லாது தம்பி," என்றேன்.

கேப்டன் என்று கூப்பிட அதற்குப் பிறகு எனக்கு வாய் வரவில்லை. அந்த நிமிடத்தில் நான் பட்ட சந்தோஷத்தை மறைக்கவும் முயலவில்லை. மச்சானைப் பார்த்து, அனந்தபுரத்தில் எந்த இடத்தில் தண்ணீர் பாட்டிலோடு நிற்க வேண்டும் என்று விளக்கமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

போட்டியன்று போகும்போது நான்கு பேரும் ஒன்றாகத்தான் போனோம். திரும்பும்போது எதிர்காற்று. அனந்தபுரம் தாண்டி ஒரு ஏற்றம் வரும். பெரிய ஏற்றம் இல்லை, ஆனால் முடியவே முடியாது. நான் முன்னால் இருந்தேன். பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் விலகிக்கொண்டே போனது. "யக்கா, கொஞ்சம் மெதுவாக்கா," என்று உரக்கடைக்காரரின் குரல் கேட்டது. மூன்று பேர் போதும், நான்காவது ஆளுக்காக நிற்க விதி சொல்லவில்லை. ஆனால் எங்கள் குழுவில் யாரையும் விட்டுவிட்டுப் போகும் பழக்கம் கிடையாது. வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் சொன்னால் நின்றிருப்பார்.

காற்றில் எதுவும் கேட்கவில்லை என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். கேட்டது. இரண்டாவது தடவை அவர் கூப்பிட்டதும் கேட்டது. நான் இன்னும் அழுத்தி மிதித்தேன். அப்போது திரையைப் பார்த்தேன். இடது நூற்றுக்கு ஐம்பது, வலது நூற்றுக்கு ஐம்பது. நூற்றில் முப்பத்தொன்பது பங்குக்குமேல் தராத கால் அது. ஏழு வருடமாக டாக்டரும் எண்ணெயும் பயிற்சியும் கெஞ்சியும் வராத பாதியை அந்த ஏற்றம் முழுவதும் அது கொடுத்துக்கொண்டே இருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அழுதேன் என்று வாத்தியார் சொல்கிறார்.

நாங்கள் மூன்று பேரும் வந்து டீ குடித்து முடித்த பிறகு அவர் வந்து சேர்ந்தார். யாரையும் பார்க்காமல் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்து வலது முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். எந்த அணி ஜெயித்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை.

அதற்குப் பிறகு ஐம்பது வரவே இல்லை. மீட்டரில்தான் பிழை என்று நினைத்து எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்தேன், பத்தைப் பத்து என்றது. ஏற்றம் வரும்போதெல்லாம் பிடிக்காதவர்களை நினைத்துக்கொண்டு மிதித்துப் பார்த்தேன். என்னை மூட்டை அடுக்குக்குக் கீழே நிற்கச் சொன்ன பழைய மேஸ்திரியை நினைத்தபோது நாற்பத்து மூன்று வந்தது. நாத்தனாருக்கு நாற்பத்திரண்டு. அதற்குமேல் அந்தக் கால் யாருக்காகவும் அசையவில்லை.

உரக்கடைக்காரர் இப்போது தலைமை தாங்குவதில்லை. வலது காலுக்குத் தனியாகப் பயிற்சி செய்கிறார். ஏற்றத்தில் நான் பின்தங்கினால் வேகத்தைக் குறைத்துப் பக்கத்திலேயே வருகிறார். போன ஞாயிறு டீக்கடையில் எனக்கு ஒரு டீ வாங்கி வந்து கொடுத்துவிட்டு, "கால் இப்ப எப்படிக்கா இருக்குது?" என்று கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார். நான் டீயைக் குடித்துக்கொண்டே, தண்ணி பாட்டில் மாதிரி ஏதாவது ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து மறுபடி வருமா என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அன்றைக்கு என் இடது கால் முப்பத்தொன்பதில் நின்றது.