முப்பது போர்டும் ஒரு பீரோவும்

பள்ளிக்கூடத்தில் ரோபாட்டிக்ஸ் சொல்லிக்கொடுக்கும் வேலையில் ரோபாட்டைத் தவிர மற்ற எல்லாரோடும் மல்லுக்கட்ட வேண்டும். என்னைப் போல லேப்டாப் பையும் டிபன் பாக்ஸுமாகப் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கும் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள், சும்மா படித்துவிட்டுப் போகலாம்.

நான் வேலை பார்ப்பது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மாடிக் கம்பெனி. பள்ளிகளுக்குக் குட்டிக் கம்ப்யூட்டர் போர்டை விற்பார்கள், கூடவே சொல்லித்தர ஓர் ஆளையும் அனுப்புவார்கள். போன வருஷம் ஆவடிக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கு நான் போனேன். ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவு, நாற்பது பிள்ளைகள். வருஷக் கடைசியில் பள்ளி ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால் எனக்கு வேலை உண்டு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். இதோடு எனக்கு இன்னோர் ஆசையும் இருந்தது. அந்த நாற்பது பேரும் ஒரு தடவையாவது போர்டைக் கையில் பிடித்துப் பார்த்துவிட வேண்டும். இதெல்லாம் ஓர் ஆசையா என்று கேட்பீர்கள். அந்தப் பள்ளியில் அது பேராசை.

கண்ணாடிக்குள்ளே

போர்டு என்றதும் சுவரில் மாட்டுவதை நினைக்காதீர்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். முகத்தில் ஐந்து வரிசையாக இருபத்தைந்து குட்டிச் சிவப்பு விளக்குகள். இடது பக்கம் ஏ பட்டன், வலது பக்கம் பி பட்டன். உள்ளே திசைகாட்டி, வெப்பம் அளக்கும் வசதி, ஆட்டினால் குலுக்கினால் கண்டுபிடிக்கும் ஒரு சில்லு, மைக், ஸ்பீக்கர். அடியில் வரிசையாகத் தங்க முலாம் பூசிய பட்டைகள், அதில் வயரை மாட்டி மோட்டார்கூட ஓட்டலாம். குழந்தைகள் நோண்டுவதற்கென்றே செய்த சாமான்.

வந்த அன்றைக்கே முப்பது போர்டையும் தாளாளர் அறையில் இருந்த கண்ணாடி பீரோவில், விளையாட்டில் ஜெயித்த கேடயங்களுக்கு நடுவில் அடுக்கிப் பூட்டிவிட்டார்கள். அட்மிஷனுக்கு வரும் பெற்றோர் உள்ளே நுழைந்ததும் பார்ப்பது அந்த பீரோவைத்தான். வகுப்புக்கு எடுத்துப்போகிறேன் என்று சாவி கேட்டதும் ஆபீஸ் மேடம் என்னைக் கேடயம் திருட வந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“பசங்க கைல குடுத்தா வீணாப் போயிடும் மிஸ், அப்புறம் பசங்களுக்கு எதைக் காட்டறது?”

வடக்கே தெரியவில்லை

அந்த வருஷம் முழுக்க முறையாக உபயோகப்பட்டது ஒரே ஒரு போர்டுதான். உபயோகித்தவர் தாளாளர். நெமிலிச்சேரிப் பக்கம் புதுக் கட்டடம் கட்ட இடம் வாங்கியிருந்தார், வாஸ்து பார்க்க வேண்டும். போர்டுக்குள் திசைகாட்டி இருப்பதாக நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பீரோ தானாகத் திறந்துகொண்டது.

அந்தத் திசைகாட்டியை முதலில் பழக்க வேண்டும். போர்டை இப்படியும் அப்படியும் சாய்த்துச் சாய்த்து, ஒரு புள்ளியை ஓடவிட்டு, இருபத்தைந்து விளக்கும் எரிகிறவரை ஆட்ட வேண்டும். வெள்ளை வேட்டி, தங்கக் கடிகாரம், வைரக்கடுக்கன் எல்லாம் போட்ட மனிதர் ஜல்லடை சலிப்பதுபோல அதை ஆட்டினார். சுற்றி நான்கு பேர் கைகட்டி நின்றோம். பிறகு அதைக் கொண்டுபோய், மேஜைமேல் குண்டூசி ஒட்டி நிற்கும் காந்த டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். விளக்கில் வந்த அம்புக்குறி எங்கேயோ காட்டியது. “சார், காந்தம் பக்கத்துல வைக்கக் கூடாது” என்றேன். அவரிடம் யாரும் ‘கூடாது’ என்று சொல்லி ரொம்ப வருஷம் ஆகியிருக்க வேண்டும்.

“உங்க மிஷினுக்கு வடக்கே தெரியலையேம்மா, இது பசங்களுக்கு என்னத்தைச் சொல்லித்தரப் போவுது?”

முப்பத்தொன்பது

கெஞ்சிக் கூத்தாடியதில் ஒரு நாள் ஒரு போர்டு வகுப்புக்கு வந்தது. பத்து நிமிஷம், நான் மட்டும் தொடலாம். ஸ்மார்ட் போர்டு மேல் ஒட்டிவைத்து, அறையின் வெப்பத்தை ஓடவிட்டேன். 39 என்று சிவப்பாக ஓடியது. இந்தக் கருவி தன் சில்லின் சூட்டைத்தான் அளக்கிறது, அதனால் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டும் என்று விளக்கினேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண் உடனே கழித்துப் பார்த்து, “அப்போ முப்பத்தாறா மிஸ்?” என்றாள். எனக்கு ஜில்லென்று இருந்தது. அந்த வருஷத்தில் நான் உண்மையிலேயே பாடம் எடுத்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

சுவரில் ஏசி இருந்தது. திறப்பு விழாவுக்குப் பிறகு அது ஓடியதை யாரும் பார்த்ததில்லை. வராந்தாவில் போய்க்கொண்டிருந்த பிரின்சிபால் உள்ளே எட்டிப் பார்த்தார், ஓடுகிற எண்ணைப் படித்தார், என்னை வெளியே கூப்பிட்டார்.

“ஏசி க்ளாஸ்னு நோட்டீஸ் அடிச்சிருக்கோம் மிஸ், அதை இருபத்திநாலு காட்டச் சொல்லுங்க.”

சந்தனம்

சரஸ்வதி பூஜை லீவு முடிந்து போனால், முப்பது போர்டுக்கும் பொட்டு. கை நிறையச் சந்தனம் குழைத்து, நெற்றிக்கு வைப்பதுபோல விளக்குகளுக்கு நடுவில் ஒன்று, அடியில் தங்கப் பட்டையில் பட்டையாக ஒன்று, மேலே குங்குமம். சில போர்டுகளில் ஏ பட்டன் சந்தனத்துக்குள் போயே போய்விட்டது. அழுத்தினால் உள்ளேயே இருந்தது, வெளியே வர மனசில்லை.

அத்தனையையும் துடைக்கச் சொல்லி என்னிடமே கொடுத்தார்கள். ஸ்டாஃப் ரூமில் பழைய டூத்பிரஷும் ஸ்பிரிட்டுமாக உட்கார்ந்தேன். முப்பதும் ஒரே நேரத்தில் என் மடியில் கிடந்தது அன்றைக்குத்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. பொட்டு வைத்தவர் அட்டெண்டர் கஜா அண்ணன். ஈரம் பட்டால் உள்ளே ஷார்ட் ஆகிவிடும் அண்ணே என்று சொன்னதற்கு அவருக்கு என்மேல் நிஜமாகவே வருத்தம்.

“இன்னா மிஸ் இப்டி சொல்ற, சாமிக்கு வெச்ச பொட்டால யார்னா கெட்டுப்போவாங்களா? உன் மிஷின்ல தான் இன்னாவோ கோளாறு கீது.”

படம் வரைந்து பாகங்களைக் குறி

அரையாண்டு நெருங்கியதும் பிரின்சிபாலுக்கு ஒரு யோசனை வந்தது. பாடம் என்று இருந்தால் பரீட்சை வேண்டும், பரீட்சைக்கு போர்டு எதற்கு? கதவு அளவுக்கு ஒரு ஃப்ளெக்ஸ் அடித்து வகுப்பில் மாட்டினார்கள். அதில் போர்டின் படம், பாகங்களுக்கு அம்புக்குறி. பிள்ளைகள் தவளையின் இதயத்தை வரைவதுபோல அதை வரைந்து பழகினார்கள். “இருபத்தைந்து விளக்குகள், இரு பொத்தான்கள், ஒரு திசைகாட்டி” என்று கோரஸாக ஒப்பித்தார்கள். முத்தாபுதுப்பேட்டையில் ஒரு ட்யூஷன் சென்டர் இதற்கு நோட்ஸ் போட்டு விற்றது. கேள்வித்தாளை எடுத்தவள் நான்தான். ‘படம் வரைந்து பாகங்களைக் குறி, பத்து மதிப்பெண்’ என்று என் கையால் எழுதினேன். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஒப்பந்தம் நினைவுக்கு வந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

விடைத்தாள் கொடுத்த மறுநாள் ஓர் அம்மா வந்துவிட்டார். பாதுகாப்புத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸ்காரர், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மகன் ஏ பட்டனை வலது பக்கம் குறித்துவிட்டான், நான் அரை மார்க் குறைத்துவிட்டேன். அது இடப்பக்கம்தான் அம்மா என்றேன். அவர் விரலால் என் மேஜையில் ஒரு கட்டம் போட்டு, அதைத் திருப்பிப் பார்ப்பதுபோலக் கையைப் புரட்டினார். அந்தப் பள்ளியில் போர்டுக்குப் பின்பக்கம் ஒன்று உண்டு என்று யோசித்த ஒரே ஆள் அவர்தான். அரை மார்க்கைப் போட்டுவிட்டேன்.

“பின்னாடி திருப்பிப் பாத்தா ஏ பட்டன் வலப்பக்கம்லா மிஸ் வரும், அதையும் எம்புள்ளை பாத்திருக்கான்னு வச்சுக்கிடுங்களேன்!”

கடைசி இரண்டு பீரியட்

முழுப் பரீட்சை முடிந்ததும் நான் பிரின்சிபால் அறைக்குப் போய் நின்றேன். லீவு விடுவதற்குள் பிள்ளைகள் போர்டைத் தொட வேண்டும், ஒன்று உடைந்தாலும் நான் பொறுப்பு, வேண்டுமானால் எழுதித் தருகிறேன், ஒப்பந்தத்தை நிறுத்தினாலும் சரி என்றேன். எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள்.

முந்தின நாளே எல்லாப் போர்டிலும் ஒரே ஒரு ப்ரோகிராம் ஏற்றிவைத்திருந்தேன். குலுக்கினால் விளக்குகளில் சிரிக்கிற முகம் வரும், குழந்தைகள் கத்துவார்கள், அந்தக் கூச்சலைக் கேட்டால் போதும். பேட்டரியை மாட்டிக் கையில் கொடுத்தேன். முப்பதுதான் இருந்ததால் சிலருக்கு இரண்டு பேருக்கு ஒன்று. ஒருத்தரும் கத்தவில்லை. ஒருத்தரும் குலுக்கவும் இல்லை. பையைத் திறந்து நோட்டை எடுத்தார்கள், போர்டை அதன்மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, பென்சிலால் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட ஆரம்பித்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. தாளாளர் மேலும் பிரின்சிபால் மேலும் கோபப்பட்டுப் பழகியவள், அந்தக் கேள்வித்தாளை எழுதிய கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது முப்பத்தொன்பதில் மூன்றைக் கழித்த அந்தப் பெண் தன் போர்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். கை அசைந்ததில் அதில் முகம் வந்திருந்தது.

“மிஸ், வரைய விடாம இது சிரிச்சுக்கிட்டே இருக்கு, கொஞ்சம் அணைச்சுக் குடுங்க.”

ஒப்பந்தம் இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்தாகிவிட்டது, தொடாத பொருளில் ஒரு வகுப்பையே முழுப் பரீட்சையில் தொண்ணூறு மார்க்குக்கு மேல் வாங்க வைக்க இந்த வட்டாரத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாதாம்.