அப்பாவின் காரும் அடக்கத்தன்று அடித்த பெயின்டும்

அன்புள்ள உறவுகளே, நண்பர்களே,

அப்பா கண்டக்குழியில் ஒரு மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தார். ஆனால் வள்ளத்தில் ஏறினாலே அவருக்கு வாந்தி வரும். ஆகவே இளவயதிலேயே சிலாபத்துக்குப் போய், வாகனங்களுக்குத் தகரம் ஒட்டிப் பெயின்ட் அடிக்கும் வேலையைப் பழகி, ஊர் திரும்பிக் கராஜ் போட்டார்.

இங்கே அந்த வேலைக்குப் பஞ்சமில்லை. மீன்பெட்டி ஏற்ற வாகனத்தைக் கடற்கரை வரைக்கும் இறக்குவார்கள். கதவின் கீழ்ப்பகுதி உப்பில் துருவேறிக் கொப்பளித்து உரியும். திருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஓடிவந்து, "சும்மா மேலால அடிச்சுத் தாங்கண்ணே, பளபளன்னு இருந்தாச் சரி" என்பார்கள்.

"சீ! சீழுக்கு மேல பவுடர் போடச் சொல்றியா? வேற ஆளப் பாரு" என்பார் அப்பா.

அந்தத் துருக் கறளை முழுவதும் சுரண்டி, வெறுந்தகரம் மின்னும்வரை தேய்த்து, கதவடித் துளைகளில் அடைந்த கடல் மணலைக் கம்பியால் குத்தி எடுத்த பிறகே பெயின்டில் கை வைப்பார். பலர் கோபித்துக்கொண்டு போனார்கள். அந்த ஆண்டுகளில் அம்மாவின் தையல் மெஷின்தான் எங்களுக்குச் சோறு போட்டது.

எங்கள் பழைய காரின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோதுதான் இளைப்பு முற்றி அப்பா படுத்தார். பிறகு எழும்பவில்லை.

அடக்கத்தன்று காலை, அப்பா பெட்டிக்குள் கிடக்க, அம்மாவின் தம்பியான மாமா யாரோ ஒருவரைப் பிடித்துவந்து கறளுக்கு மேலேயே பட்டிப் பசையை அப்பிப் பெயின்ட் அடிப்பித்தார். "கொழும்பாக்கள் வாறாங்க பிள்ளை, வாசல்ல கார் இப்படி நின்டா வெட்கம்" என்றார். நான் வாயே திறக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு என்மீதே அருவருப்பாக இருக்கிறது.

மூன்றாம் மாதம் அது கொப்பளித்தது. வீட்டுக்கு வந்த ஒருவர் குனிந்து பார்த்து, "இதுவா அந்த மனுசன்ட வேலை? நாம பெரிசா நினைச்சமே" என்றார். அப்பா அரைவயிற்றோடு கிடந்து காத்த பேர் அது!

மறுநாளே நான் சுரண்டத் தொடங்கினேன். பட்டி கட்டி கட்டியாக விழுந்தது. உள்ளே ஈரமும் செந்தூளும். த்தூ! மாமா வந்து பார்த்துவிட்டு, "ஓம் பிள்ளை, பிழைதான்" என்றார். நான் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

கடைசி நாட்களில் அப்பாவைக் குளிப்பாட்டிய தாதிமாருக்கும், குழி வெட்டிய வள்ளக்காரருக்கும், பூசை ஒப்புக்கொடுத்த பங்குச் சுவாமிக்கும் எங்கள் நன்றி. துக்க வீட்டுக்கு மூன்று நாளும் சோறு அனுப்பிய மாமாவுக்கும் நன்றி, பெயின்டுக்கு அல்ல.

முதலாண்டுப் பூசைக்கு வருகிறவர்கள் வாசலில் அந்தக் காரைக் காண்பீர்கள். கதவின் கீழே, நான் சுரண்டிய வெறுந்தகரத்தின் மேல், அடிப்பூச்சு மட்டும்தான் இருக்கிறது, பார்க்க அழகில்லை. குனிந்து விரலால் தட்டிப் பாருங்கள். அதன் பிறகு அப்பாவைப் பற்றிக் கதையுங்கள்.

மகள்