சும்மா என்று ஒரு ஃபைல்

அந்தக் கல்லூரியின் ஆய்வேடுகளில் பாதி அவள் டைப் செய்து கொடுத்தவைதான். இருபத்திரண்டு வருடமாக வீட்டு முன்னறையில் ஒரே நாற்காலி, ஒரே பழைய தமிழ் மென்பொருள், அதற்கேற்ற பழைய கம்ப்யூட்டர். இப்போது அச்சகங்கள் புது எழுத்துருவில்தான் ஃபைல் கேட்கின்றன. கம்ப்யூட்டரை இயக்கும் பழைய ஓ.எஸ். அதற்குக் கைவிரித்துவிட்டது. மாற்று, மாற்று என்று எட்டு மாதமாக எல்லோரும் சொல்கிறார்கள். அவளும் தலையாட்டுகிறாள். தலையாட்டக் காசா பணமா?

கணவர் போய்ச் சேர்ந்தும் எட்டு மாதம்தான். அதற்கு முன்பு சில புதன்கிழமைகளில் முழங்கை மடிப்பில் பஞ்சும் பிளாஸ்திரியுமாகத் தாமதமாக வீட்டுக்கு வந்தார். பார்த்தாள். கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். இவள் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மனசு மரத்துப்போயிருந்தது.

கடைசி மாதங்களில் அவர் இந்தக் கம்ப்யூட்டரில் எதையோ டைப் செய்துகொண்டே இருந்தார். இவள் கிட்டே போனால் மூடிவிடுவார். ஃபைலுக்கு 'சும்மா' என்று பெயர். அதைத் திறக்கவும் தைரியமில்லை, அழிக்கவும் மனசு வரவில்லை. ஓ.எஸ்.ஸை மாற்றினால் அந்த ஃபைலை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும்; இழுத்தடித்ததற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

சனிக்கிழமை காலை கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்தார்.

"அக்கா, உங்க பழைய சாஃப்ட்வேர் புது ஓ.எஸ்.ல ஓடாது. பழைய ஃபைலைத் திறந்தா கோழி கிறுக்கின மாதிரி இங்கிலீஷ் எழுத்தா வரும். முக்கியமானது இருந்தா சொல்லுங்க, மாத்திக் கொடுத்துடறேன்."

"படிக்கவே முடியாதா?"

"யாராலயும் முடியாது."

அதைக் கேட்டதும்தான் அவளுக்கு முடிவு பிறந்தது. அழித்த பாவமும் வேண்டாம், படித்த வேதனையும் வேண்டாம்.

"மாத்த ஒண்ணும் இல்ல தம்பி. போட்டுடுங்க."

மதியத்துக்குள் வேலை முடிந்து அவர் கிளம்பிப் போனார். நிச்சயப்படுத்திக்கொள்ளத்தான் 'சும்மா'வைத் திறந்தாள். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். அப்பாடா என்றிருந்தது.

மூடப் போனாள். விரல்கள் மேசைமேல் தாமாக அசைந்தன. எம் என்றால் அ. டி என்றால் வ. எஸ் என்றால் ள. அரைப்புள்ளி என்றால் மேலே புள்ளி.

அவள்.

பழைய மென்பொருள் உள்ளே சேர்த்து வைத்திருந்தது தட்டிய விசைகளைத்தான். தமிழாகக் காட்டியது வெளியே மட்டும். இத்தனை வருடம் அதே விசைகளைத் தட்டியவளுக்கு இந்தக் கிறுக்கல் அச்சடித்த தமிழ். மெக்கானிக்குக்குத் தெரியாதது நியாயம். இவளுக்கே மறந்துபோனதுதான் கொடுமை.

கண்ணை எடுக்க முடியவில்லை. கடைசி வரிக்கு வந்துவிட்டாள்.

'இன்றும் அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவேன்.'

அழுகை வருமா என்று காத்திருந்தாள். வரவில்லை. பிறகு அந்தக் காலி அறையில், வாய்விட்டு, "உடம்புக்கு என்னங்க?" என்று கேட்டாள்.